மடை அடைக்கும் கை

ஐப்பசி மழை ஒருநாள் விட்டிருக்கிறது. சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு தெரிகிறது என்று மருந்தடிக்க ஆள் வந்திருக்கிறார். மடித்துக் கட்டிய கைலி, தலையில் துண்டு, முதுகில் பதினாறு லிட்டர் டேங்க். மாவுக்கு நாலு டேங்க் என்பது கணக்கு. மூன்று மா சேர்ந்த ஓர் ஏக்கரை முடிக்கப் பன்னிரண்டு தடவை நிரப்பியாக வேண்டும். மூடியின் வாஷர் தேய்ந்துபோயிருப்பதால், குனிந்து நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் கசிந்து முதுகில் இறங்கி இடுப்புக் கைலியை நனைக்கிறது. நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி, வாயில் வைத்து ஊதிவிட்டு மாட்டுகிறார். மத்தியானத்துக்குள் தலை சுற்றுகிறது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. பார்வை மங்குகிறது. "ஒண்ணுமில்ல, மழைவிட்ட வெயிலு. பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்கிறார்.

தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் வளர்ந்த யாரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நானும் பார்த்து வளர்ந்தவன்தான். அது வெயிலா, மருந்தா என்று சொல்லிவிடக்கூடிய ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்பது, பின்னாளில் உயிர்வேதியியல் படிக்கப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இரத்தத்தில் நொதிகளை, அதாவது என்சைம்களை, அளந்து நோயைக் கண்டுபிடிப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று போனால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எழுதித் தருகிறார்கள். வயிற்றின் மேல்பக்கம் தாங்க முடியாத வலி என்றால் அமைலேஸ், லைப்பேஸ் பார்க்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். இந்த நொதிகளின் இடம் இரத்தமல்ல. ஈரலின் நொதி ஈரல் செல்லுக்குள்ளும், தசையின் நொதி தசை நாருக்குள்ளும் இருக்க வேண்டும். செல்லின் சவ்வு சிதைந்தால் உள்ளே இருந்தது வெளியே வழிந்து இரத்தத்தில் கலக்கும். வரப்பு உடைந்த வயலின் தண்ணீர் வாய்க்காலில் கலங்கலாக வருவதைப் பார்த்ததுமே எந்த வயல் உடைந்தது என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. சேற்றின் நிறமும் அடித்து வரும் தாளும் அவர்களுக்குச் சொல்லும். நொதிப் பரிசோதனையும் அப்படித்தான். 1954-இல் நியூயார்க்கில் லடூ, ரோப்ளெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் எஸ்ஜிஓடி உயர்வதைக் காட்டினார்கள். அந்த நொதி இதயத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஈரலிலும் தசையிலும் உண்டு. அதனால் மாரடைப்புக்கு அதைப் பார்ப்பது இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் உறுப்பைத் திறக்காமலே அதன் சேதத்தை ஊசிமுனை இரத்தத்தில் படிக்கலாம் என்ற வழி அங்கேதான் அகலமாகத் திறந்தது.

இந்த வகைச் சோதனை நெல்வயலில் வேலை செய்பவர்களுக்கு நேரடியாகக் கைகொடுக்கும் நோய் ஒன்று உண்டு. வயல்நீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போகும் கிருமியால் வரும் எலிக்காய்ச்சல். கண் சிவக்கும், கெண்டைக்கால் தொடவிடாமல் வலிக்கும், முற்றினால் கண் மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்ததும் காமாலை என்று கீழாநெல்லி அரைக்கப் போய்விடுகிறோம். வைரஸால் வரும் காமாலையில் எஸ்ஜிபிடி பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் ஏறும். எலிக்காய்ச்சலில், கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் மிக உயர்ந்திருந்தாலும் எஸ்ஜிபிடி பெரும்பாலும் சில நூறுக்குள்ளேயே நிற்கும். கூடவே தசை நொதியான சிபிகே உயர்ந்திருக்கும். கெண்டைக்கால் வலியின் காரணம் அந்தச் சிபிகேவில் தெரியும். கண் இவ்வளவு மஞ்சளாக இருந்தும் ஈரல் நொதி ஏன் இவ்வளவு குறைவு, தசை நொதி ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்கும் மருத்துவர், எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் சோதனைக்கு உடனே எழுதுவார். நொதி கிருமியின் பெயரைச் சொல்லாது, எந்தத் திசையில் தேட வேண்டும் என்று காட்டும். ஆண்டிபயாடிக்கைச் சீக்கிரம் தொடங்க அந்தத் திசையே உதவும்.

மருந்தடித்தவரிடம் பார்க்கும் சோதனை இதற்கு நேர் எதிரானது. மற்ற நொதிகள் ஏறினால் நோய் என்றால், இது இறங்கினால் நோய். பெயர் கோலினெஸ்டிரேஸ்.

நரம்பு ஒரு தசையை இயக்க வேண்டுமானால் தன் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. இப்படி இரசாயனத்தின் மூலமே நரம்பு பேசுகிறது என்பதை ஓட்டோ லோவி 1921-இல் தவளை இதயங்களை வைத்து நிறுவினார். 1936-இல் ஹென்றி டேலோடு சேர்ந்து அதற்கு நோபல் பரிசு பெற்றார். அசிட்டைல்கோலின் மடையைத் திறப்பது போல. திறந்த மடையை உடனே யாராவது அடைக்க வேண்டும். அந்தக் கைதான் கோலினெஸ்டிரேஸ். ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டி எறிகிறது. உடம்பில் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் நொதிகள் சிலவே.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இந்தக் கையைக் கட்டிப்போடுகிறது. ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியின் வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது, 1936-இல் அவர் கையில் அகப்பட்டது டாபுன் என்ற போர்விஷம். நம் வயலுக்கு வந்த மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட் எல்லாம் அந்தக் குடும்பத்தின் உறவுகள். 1960-இல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 போன்ற புதிய ரகங்களும் உரமும் வந்தபோது பூச்சிமருந்தும் ஒரே வண்டியில் வந்து இறங்கியது. நாமும் அதற்கு 'மருந்து' என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டோம். அந்தப் பெயரால்தான் அதன்மேல் நமக்குப் பயம் இல்லாமல் போனதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அடைக்கும் கை கட்டுண்டால் உடம்பில் மடையெல்லாம் திறந்தே கிடக்கும். கண்ணீர், எச்சில், வியர்வை, மூச்சுக்குழலில் நீர், அடக்க முடியாத சிறுநீர், பேதி என்று எல்லாம் பெருகும். கண்ணின் பாவை கடுகளவுக்குச் சுருங்கும். நாடி தளரும். தசைகள் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடித்து, பிறகு ஓய்ந்து போகும். வெயில் மயக்கத்தில் பாவை இப்படிச் சுருங்காது, நுரையீரலில் தண்ணீர் கட்டாது. தேர்ந்த மருத்துவர் பாவையையும் எச்சிலையும் பார்த்த உடனே அட்ரோபின் ஊசியைக் கையில் எடுத்துவிடுவார். சோதனை முடிவு வரட்டும் என்று அவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. அப்படியானால் சோதனை எதற்கு? சந்தேகமான ஆளுக்கு. திண்ணையில் மோர் குடித்துவிட்டுச் சாய்ந்தாரே, அவருக்கு.

அந்தச் சோதனையை முதன்முதலில் கையால் செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1961-இல் ஜார்ஜ் எல்மன் வகுத்த முறை அது. அறுபது ஆண்டு தாண்டியும் உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதையே பயன்படுத்துகின்றன. அசிட்டைல்கோலினுக்குப் பதில் அதைப் போலவே இருக்கும், கந்தகம் சேர்ந்த அசிட்டைல்தயோகோலினைக் கொடுத்து நொதியை ஏமாற்றுகிறோம். நொதி அதை வெட்டினால் வெளிப்படும் துண்டு, குழாயில் காத்திருக்கும் டிடிஎன்பி என்ற பொருளோடு சேர்ந்து மஞ்சளாகும். இரண்டு குழாய்கள். இரண்டிலும் நிறமற்ற நீர்போன்ற கரைசல். ஒன்றில் நல்ல சீரத்தை விட்டேன். விட்ட இடத்திலிருந்து புகைபோல மஞ்சள் கிளம்பி, நான் குழாயைத் தலைகீழாகத் திருப்புவதற்குள் மஞ்சள் கரைத்த தண்ணீராகிவிட்டது. மற்றதில் பூச்சிக்கொல்லி கலந்து வைத்திருந்த சீரம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எலுமிச்சைத் தோலின் சாயல்கூட ஏறவில்லை. அந்த நிறமற்ற குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த நினைப்பு வரப்பில் நடந்தவரின் நனைந்த கைலி.

ஆய்வகத்தில் கண்ணுக்குப் பதில் ஒளிமானி இருக்கும். 412 நானோமீட்டர் அலைநீளத்தில் மஞ்சள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்து யூனிட் கணக்கில் தரும். எல்லாம் இங்கே சுலபமாகத் தெரியும். சிக்கல் அந்த எண்ணைப் படிப்பதில் இருக்கிறது.

முதலில், இரத்தத்தில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு. சிவப்பணுவின் மேல் ஒட்டியிருப்பது அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ்; நரம்பில் வேலை செய்யும் அதே நொதி. பிளாஸ்மாவில் மிதப்பது பியூட்டிரைல்கோலினெஸ்டிரேஸ். இது ஈரலில் தயாராகும் ஒன்றுவிட்ட தம்பி. பிளாஸ்மா நொதியை அளப்பது எளிது, செலவும் குறைவு. அதனால் பெரும்பாலான இடங்களில் 'சீரம் கோலினெஸ்டிரேஸ்' என்று எழுதினால் தம்பியைத்தான் அளக்கிறார்கள். நரம்பின் நிலவரத்தைச் சொல்லக்கூடிய அண்ணனை அளக்கும் வசதி சில இடங்களில்தான் இருக்கிறது. சிவப்பணுவின் சிவப்பு மஞ்சளை மறைப்பதால் அந்த அளவீட்டுக்கு வேறு அலைநீளமும் கூடுதல் கவனமும் வேண்டும்.

தம்பி பல காரணங்களால் இளைப்பான். ஈரல் நோய், ஊட்டக்குறைவு, கர்ப்பம் எல்லாவற்றிலும் பிளாஸ்மா நொதி குறையும். பிறவியிலேயே குறைந்திருப்பவர்களும் உண்டு. அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்த ஸ்கோலின் என்ற ஊசி போடுவார்கள். அதைச் சில நிமிஷத்தில் அழித்துவிடுவது இந்தப் பிளாஸ்மா நொதிதான். அது இல்லாதவர்களுக்கு அந்த ஊசி போட்டால் மணிக்கணக்கில் மூச்சு எழாது, வென்டிலேட்டர்தான் காக்கும். ஆரிய வைசியச் சமூகத்தில் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படுகிறது என்பதை மயக்க மருத்துவர்கள் அறிவார்கள். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து, நொதியின் 307-ஆவது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்திருப்பதே காரணம் என்று 2006-இல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட ஒருவர் வாழ்நாளில் பூச்சிமருந்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அவருடைய எண்ணை மட்டும் பார்த்தால் விஷம் ஏறியவர் போலத் தோன்றும்.

இதற்கு மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. இயல்பான அளவு என்று ஆய்வகத் தாளில் அச்சடித்திருக்கும் வரம்பு மிகவும் அகலம். ஒரு முறையில் ஏறக்குறைய 5,000 முதல் 12,000 யூனிட் வரை இயல்பு என்று போட்டிருப்பார்கள். ஒருவருக்கு உடம்பு நன்றாக இருக்கும்போது 11,000 என்று வைத்துக்கொள்வோம். மருந்தடித்த பிறகு 5,600. நொதியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. ஆனால் தாளில் 'இயல்பு' என்று வரும். "ஒண்ணுமில்லய்யா, நார்மல்தான்" என்று அனுப்பிவிடுவார்கள். அவர் மறுநாள் டேங்கை மாட்டிக்கொண்டு போவார்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்காகத்தான். கோலினெஸ்டிரேஸ் எண் ஊருக்குப் பொதுவான எண் அல்ல. ஒவ்வொருவருக்கும் சொந்த எண் உண்டு. அது தெரியாமல் பிற்பாடு எடுக்கும் சோதனை, போன வருஷ மகசூல் தெரியாமல் இந்த வருஷம் நஷ்டமா என்று கேட்பது போல.

இந்த நஷ்டம் கடன்போல ஏறவும் செய்யும். கட்டுண்ட சிவப்பணு நொதி தானாக மீள்வது கடினம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், பழையது போய்ப் புதியது வரும் வேகத்தில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் திரும்பும். பத்து நாளைக்கு ஒருமுறை யார் வயலிலாவது மருந்தடிக்கும் கூலிக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கும், முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்து மருந்தடிக்கும் நாள் வரும். மெதுவாக இறங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும், அறிகுறியே தெரியாது. பிறகு ஒருநாள் வழக்கமான அளவே ஆளைச் சாய்த்துவிடும். "தினம் அடிக்கிறவன்தானே, இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு" என்று வீட்டார் கேட்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

குழாயில் எடுத்த பிறகும் இரத்தம் சும்மா இருப்பதில்லை. அதில் கலந்திருக்கும் விஷம் மீதி நொதியையும் குழாய்க்குள்ளேயே கட்டிக்கொண்டிருக்கும். கார்போபியூரான் போன்ற கார்பமேட் வகை மருந்தானால் கதை நேர்மாறு. அந்தக் கட்டு சில மணி நேரத்தில் தானே அவிழ்ந்துவிடும். காலையில் எடுத்த இரத்தம் பிற்பகலில் சோதனைக்குப் போனால், விஷம் ஏறியவருக்கும் நல்ல எண் வரும். எடுத்த உடனே ஐஸில் வைப்பதும், முடிந்தால் நீர்க்கச் செய்து சீக்கிரம் அளப்பதும் இதனால்தான்.

எண்ணுக்கும் ஆளின் நிலைக்கும் உள்ள உறவைப் பற்றி இலங்கை மருத்துவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நம்மைப் போலவே நெல் விளையும், நம்மைப் போலவே இந்த விஷத்தோடு போராடிய நாடு. 1987-இல் சேனநாயக்கவும் கரலியத்தவும், ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், ஒன்று முதல் நான்கு நாளுக்குள், கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளரும் ஒரு கட்டத்தை முதலில் விவரித்தார்கள். எச்சில் நின்றுவிட்டது, பாவை விரிந்துவிட்டது என்று ஆளை வார்டுக்கு மாற்றிய பிறகு மூச்சு நிற்கும். "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கய்யா" என்று தினமும் கேட்கும் மருத்துவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். இலங்கையில் நடந்து 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வு, கட்டுண்ட நொதியை அவிழ்ப்பதற்குத் தரும் பிராலிடாக்சைம் ஊசியைச் சோதித்தது. சில வகை விஷங்களில் சிவப்பணு நொதி தெளிவாக மீண்டது. ஆனாலும் உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990-களில் செய்த ஆய்வுகளும் அந்த ஊசியால் பலன் தெரியவில்லை என்றே கண்டன. ஆகவே எண் ஏறுகிறது என்பதற்காக ஆள் தேறுகிறார் என்று சொல்லிவிட முடியாது. இந்தச் சோதனையின் உண்மையான பலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, வயலுக்குப் போவதற்கு முன்னால் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதைச் சட்டம் எப்போதோ அறிந்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 37-ஆவது விதி, ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகளோடு வேலை செய்பவர்களுக்கு மாதம் ஒருமுறை இரத்தக் கோலினெஸ்டிரேஸ் பார்க்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வயல், ஒரு முதலாளி என்று மாறிக்கொண்டே இருக்கும் தினக்கூலிக்காரரை அந்த விதி எப்படித் தொடும்? அவருக்கு வேலை கொடுத்தவர் யார் என்று எழுதி வைக்கக்கூட ஒரு நோட்டு கிடையாது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தபோதுதான் நாடு இவர்களைத் திரும்பிப் பார்த்தது. 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் முதல் குளோர்பைரிபாஸ் வரை சில மருந்துகளை 60 நாளைக்குத் தடை செய்தது. இலங்கை 1995-லேயே மோனோகுரோட்டோபாஸை நிறுத்தி, அடுத்தடுத்த ஆண்டுகளில் பல உயிர்களைக் காத்தது. தடைதான் பெரிய காப்பு, சந்தேகமில்லை. ஆனால் தடை வராத மருந்தோடு நாளைக் காலையில் வயலில் இறங்கப் போகிறவரைத் தடையால் காப்பாற்ற முடியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1974 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. மருந்து படாமல் முப்பது நாளாவது இருந்த ஒருவரின் இரத்தத்தைச் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, சராசரியை அவருடைய சொந்த எண்ணாகக் குறித்துக்கொள்கிறார்கள். பருவத்தில் அந்த எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலைமுறையை ஆராய்கிறார்கள்: டேங்க் கசிகிறதா, கையுறை கிழிந்ததா என்று. சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எண் மறுபடி ஏறும்வரை வேறு வேலை. விரல்நுனி இரத்தம் சில சொட்டில் சில நிமிஷத்தில் அளக்கும் கையடக்கக் கருவியும் உண்டு. இலங்கை மருத்துவமனைகளில் அதைச் சோதித்து, ஆய்வக முறையோடு நன்றாக ஒத்துப்போவதைக் கண்டிருக்கிறார்கள்.

முப்பது நாள் மருந்து படாத காலம் என்றால் நம் காவிரிப் படுகையில் அது தானாகவே அமைகிறது. தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகிவிடும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 வரை பெரும்பாலான வயல்கள் வெடித்துக் காய்ந்து கிடக்கும். கோடை நெல்லும் பருத்தியும் போடுகிற ஊர்கள் இருக்கின்றன, அங்கே நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற இடத்தில் சித்திரை, வைகாசி சுத்தமான காலம். மருந்தடிக்கப் போகிறவர்கள் அப்போதே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இரத்தம் கொடுத்து, தங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்த ஆய்வகம், எந்த முறை என்பதையும் கூடவே எழுதச் சொல்ல வேண்டும்; முறை மாறினால் யூனிட்டும் மாறும், ஒப்பிட முடியாது. ஐப்பசியில் தலைசுற்றிப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டி, "நல்லா இருந்தப்ப இது பதினோராயிரம் இருந்துச்சுங்க, இப்ப என்ன இருக்குன்னு பாருங்க" என்று சொன்னால் போதும். 5,600 என்று வருகிற தாளில் 'இயல்பு' என்று போட்டிருந்தாலும், அவர் அந்த ஆளைத் திருப்பி அனுப்ப மாட்டார்.